தானா ஓடுற பம்பு

எர்மலினையா பாக்க வந்தீங்க? எதுக்கு?

ரேடியோவா. எந்த ரேடியோ? சரி, இருக்கட்டும். அவ வீட்ல இல்ல, மீன்பிடி வள்ளம் கெட்டுற ஜெட்டிக்குப் போயிருக்கா. இப்ப வந்துருவா. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கேன் தம்பி. ஒங்க கையில இருக்குற மிசின்ல சிவப்பா ஒரு லைட்டு எரியுதே, நான் பேசுறது அதுல பதியுதா? அணைச்சிருங்க. அணைச்சாச்சா? லைட்டு மட்டும் அணைஞ்சு உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குற மிசினெல்லாம் வந்துட்டுங்காங்க. எதுக்கும் பையில போட்டு ஜிப்ப மூடிருங்க. ஆங். இப்ப பேசலாம்.

எர்மலினப் பத்தி ஒங்களுக்கு யாரு சொன்னா? ஜெட்டியில கேட்டீங்களா? யாருகிட்ட? பேர் தெரியாதா. கறுப்பா, வளத்தியா, பேசும்போது தலையச் சொறிஞ்சுக்கிட்டே பேசுனானா? அப்ப இன்னாசிதான். எனக்குத் தெரியும்.

நான் அவ வீட்டுக்காரன், கஸ்பார். இப்ப இந்த ஊர்ல எர்மலின் வீட்டுக்காரன்னு சொன்னாத்தான் எனக்கே அடையாளம். பம்பு மைனின்னு அவளுக்குப் பேரு வச்சிருக்காங்க, மைனின்னா எங்க பக்கம் அண்ணி. எந்த வள்ளத்துல பம்பு மக்கர் பண்ணுனாலும் "மைனியக் கூப்புடு"ங்கான். மீச நரைச்சவனெல்லாம் இந்த வாசல்ல வந்து நிக்கான். நான் வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து கடல்ல கெடக்கேன். என்னய ஒருத்தன் வந்து ஒரு சந்தேகம் கேட்டதில்ல.

அவ வந்து சொல்லுறதுக்கு முன்னால நான் சொல்லுறதக் கேட்டுக்கிடுங்க. அவ சொன்னா சுருக்கமா முடிச்சுருவா. "கழுவுனேன், ஓடுச்சு"ம்பா. நடந்தது அம்புட்டு லேசு இல்ல.

வள்ளத்தப் பத்தித் தெரியுமா ஒங்களுக்கு? தெரியாதா. சரி. எந்த வள்ளமா இருந்தாலும் அடியில தண்ணி ஊறும். ஓட்டைன்னு நெனச்சுறாதீங்க. எஞ்சின்ல இருந்து பின்னால விசிறிக்கு ஒரு இரும்புத் தண்டு வெளிய போகுதுல்லா, அது சுத்துற எடத்துல சொட்டுச் சொட்டா தண்ணி உள்ள வரும். வந்தாத்தான் தண்டு சூடாகாம இருக்கும். மழை பெய்யும், அலை அடிக்கும், வலையில இருந்து வடியும். எல்லாம் எஞ்சினுக்கு அடியில, பள்ளத்துல போயி நிக்கும். முன்னாலயெல்லாம் நாங்க வாளியக் கொண்டு எறைப்போம். பொறவுதான் இந்தப் பம்பு வந்துச்சு. பேட்டரியில ஓடுறது, உள்ளங்கையில அடங்கிரும். பக்கத்துல ஒரு மிதவை சுவிட்சு இருக்கும். தண்ணி ஏறுனா மிதவை தூக்கும், பம்பு ஓடும். தண்ணி வத்துனா மிதவை தாழும், பம்பு நின்னுரும். நீங்க தூங்கலாம், பூசைக்குப் போகலாம், அது பாட்டுக்கு அது வேலையப் பாக்கும். தானா ஓடும், தானா நிக்கும். அதனாலதான் அதுக்கு ஆட்டோமேட்டிக்னு பேரு.

தூத்துக்குடியில ஒரு கடையில வாங்குனோம். எர்மலினும் பனிமய மாதா கோயிலுக்குப் போகணும்னு கூட வந்திருந்தா. கடைக்காரன் பெட்டியத் தொறந்து வச்சுக்கிட்டு என்னமோ சொல்லிக்கிட்டே இருந்தான். நான் அவன் வாயப் பாக்கல, கையப் பாத்தேன். பேச்சுக் குடுத்துக்கிட்டே பழசத் தள்ளி விட்டுருவானுங்க. புதுசுதானான்னு நான் திருப்பித் திருப்பிப் பாத்துத்தான் வாங்குனேன். என்னய ஏமாத்த முடியாது.

அந்த வருசந்தான் எங்க மவன் டார்வின் தொழிலுக்கு வந்தான். ஒத்தப் பிள்ள. காலேஜ முடிச்சிட்டு வேலைக்கு அலைஞ்சு பாத்தான், ஒண்ணும் அமையல. "நானும் வாறேம்பா"ன்னு வள்ளத்துல ஏறிட்டான். எர்மலினுக்கு இஷ்டம் இல்ல. அன்னைக்கு கரையில நின்னுட்டு பம்பு எங்கன வச்சிருக்கு, நல்லா ஓடுமான்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டா. பிள்ளையப் பத்திக் கேப்பான்னு பாத்தா பம்பப் பத்திக் கேக்கா. அப்பவே எனக்குக் கொஞ்சம் வித்தியாசமாப் பட்டுது.

டார்வின் ஏறுன அந்த மாசத்துல இருந்துதான் எல்லாம் ஆரம்பிச்சுது. இத நல்லாக் கவனிங்க, எல்லாம் அவன் ஏறுனதுல இருந்துதான். ஊர்ல எத்தன பேருக்கு வயிறு எரிஞ்சிருக்கும். அவனவன் பிள்ள வெளிநாட்டுக்குப் போயிட்டு திரும்பிப் பாக்க மாட்டேங்குது, கஸ்பாருக்கு மட்டும் மவன் தோளோட தோளா நிக்கானேன்னு.

ஞாயித்துக்கிழமை எங்களுக்குத் தொழில் கெடையாது. பூசை முடிஞ்சு நான் ஊர்க் கமிட்டியில உக்காந்துருவேன். கமிட்டியில நான் இல்லேன்னா என்னமும் எழுதி கையெழுத்துப் போட்டுருவானுங்க. திங்கக்கிழமை விடியல்ல வள்ளத்துக்குப் போயி எஞ்சின் மூடியத் தொறக்கேன், சோப்பு வாசனை அடிக்கி. வள்ளத்துல டீசல் நாத்தம் அடிக்கும், மீன் கவுச்சி அடிக்கும். சோப்பு எங்கன இருந்து வந்துச்சு? அடியில கொஞ்சூண்டு தண்ணி நின்னுச்சு. வெரல விட்டு நாக்குல வச்சுப் பாத்தேன். உப்பே இல்ல. நல்ல தண்ணி தம்பி. கடல்ல கெடக்குற வள்ளத்துக்குள்ள குடிதண்ணி எப்படி வரும்? எவனோ கொண்டாந்து ஊத்தியிருக்கான்.

அடுத்த வாரமும் அதே. அதுக்கடுத்த வாரம் பம்புக்குப் போற வயர்ல, முறுக்கி ஒட்டியிருக்குற எடத்துல, செவச்செவேன்னு ஒரு பொட்டு. அதச் சுத்தி மெழுகு. மெழுகுவத்தி மெழுகு. செவப்புப் பொட்டு, மெழுகு, நல்ல தண்ணி, இதெல்லாம் ஒண்ணாச் சேத்துப் பாருங்க. எவனோ செய்வினை வச்சிருக்கான்.

எங்க வள்ளத்துல ரெமின்னு ஒருத்தன் வேல பாக்கான். அவன் குனிஞ்சு பாத்துட்டு, "அண்ணே, இது நகச்சாயம் மாதிரில்லா இருக்கு"ன்னான். நகச்சாயத்துக்கு எஞ்சின் கூட்டுக்குள்ள என்ன வேலங்கேன். அதுல இருந்து நான் ரெமியையும் ஒரு கண்ணு பாத்துக்கிட்டேன்.

பெரிய சாட்சி ஒண்ணு கெடச்சுது பாருங்க. ஒரு பல்லு வெளக்குற பிரஷ்சு. நீலக் கலர், முடி தேஞ்சு விரிஞ்சுபோன பழைய பிரஷ்சு. எஞ்சினுக்கும் பலகைக்கும் நடுவுல சொருகிக் கெடந்துச்சு. வந்தவன் அவசரத்துல விட்டுட்டுப் போயிருக்கான். அத ஒரு கவர்ல போட்டு மடிச்சு மடியில வச்சுக்கிட்டேன். இதுல அதிசயம் என்னன்னா, அதே மாதிரி நீலப் பிரஷ்சு என் வீட்லயும் இருந்துச்சு, என்னோடது. அந்தச் சமயத்துலதான் அதையும் காணல. எர்மலின் புதுசு வாங்கி வச்சிருந்தா. அப்ப யோசிச்சுப் பாருங்க, வள்ளத்துக்கு வந்தவன் வீட்டுக்குள்ளயும் வந்து போயிருக்கான். நான் உள்பக்கத் தாழ்ப்பாள மாத்துனேன்.

யாரு செய்வா? எங்க வள்ளத்துக்குப் பக்கத்துல கெட்டுறது இன்னாசி வள்ளம். அவன் வள்ளத்துல கால வச்சு எறங்கித்தான் நம்ம வள்ளத்துக்கு வர முடியும். இன்னாசி என்னய அண்ணேன்னுதான் கூப்புடுவான், நல்லாத்தான் பழகுனான். நல்லாப் பழகுறவனத்தான் பாக்கணும்.

ஜெட்டியில வச்சு, நாலு பேரு நிக்கையில, கேட்டுட்டேன். "இன்னாசி, ஞாயித்துக்கிழம என் வள்ளத்துல யாரு ஏறுதா?"

அவன் முழிச்ச முழிய நீங்க பாத்திருக்கணும். தலையச் சொறிஞ்சான். "அண்ணே, நான் ஒங்க வள்ளத்துல கால் வைக்கல"ன்னான்.

"அப்ப யாரு வச்சா?"

"அத எங்கிட்ட கேக்காதீங்கண்ணே."

கேட்டீங்களா? தெரியாதுங்கல. கேக்காதீங்கங்கான். கவரப் பிரிச்சு பிரஷ்சக் காட்டுனேன். "இது யாருதுல?" அவன் பிரஷ்சப் பாத்தான், என்னயப் பாத்தான், சிரிப்ப அடக்குறான். எனக்கு வந்துச்சே கோவம். சட்டையப் புடிச்சுட்டேன். ரெமியும் டார்வினும் வெலக்கி விட்டாங்க. அன்னையோட அவன்கூட பேச்ச நிறுத்தியாச்சு. ஆனா அவன் வள்ளத்த மட்டும் மாத்திக் கெட்டல, அங்கனயேதான் கெட்டுனான். பாத்தீங்களா, எடத்த விட மாட்டேங்குறான்.

வீட்ல வந்து எர்மலின்கிட்ட சொன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. கைய நிறுத்திட்டு, "இன்னாசி என்ன சொன்னாரு?"ன்னா. ஒண்ணும் சொல்லலன்னேன். "ம்"ன்னு சொல்லிட்டு மறுபடியும் களைஞ்சா. களைஞ்ச அரிசியவே களைஞ்சுக்கிட்டு இருந்தா.

நான் என்ன செஞ்சேன்னா, எஞ்சின் மூடிக்கு ஒரு கொண்டி அடிச்சு, பித்தளப் பூட்டு இல்ல, நல்ல கனமான இரும்புப் பூட்டா வாங்கிப் போட்டேன். சாவிய அரைஞாண் கயித்துல கெட்டிக்கிட்டேன். குளிக்கும்போதுகூட கழட்டல. இனி எவன் வந்து என்ன ஊத்துவான்னு பாப்போம்.

அந்த வாரம் சனிக்கிழமை எர்மலின் கேக்கா, "ஏங்க, அந்தச் சாவியத் தாரீங்களா?"

"எதுக்கு?"

"வள்ளத்துல சாம்பிராணி போடலாம்னு."

அவ பொறந்ததுல இருந்து வள்ளத்துல ஏறுனதில்ல. எங்க ஊர்ல பொம்பளையாளு வள்ளத்துல ஏறக்கூடாதுன்னு ஒரு பேச்சு உண்டு. நான் அதெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா ஏறக்கூடாது. "நானே போட்டுக்கிடுதேன்"ன்னேன். அடுத்த சனிக்கிழமையும் கேக்கா. "மூடியே கெடந்தா உள்ள காத்து போகாதுல்லா, சும்மா தொறந்து வச்சுட்டு வாறேனே." எனக்கு இப்ப அவ மேலயும் ஒரு மாதிரி ஆயிட்டு. இன்னாசி பொண்டாட்டியும் இவளும் ஒரே அன்பியத்துல செபம் சொல்லுறவங்க. அவ ஏதோ சொல்லி இவளத் தூண்டி விடுதான்னு நெனச்சேன். மூணாவது வாரம் அவளே நேரா சொல்லிட்டா.

"பம்ப ஒருக்கா கழட்டிக் கழுவுங்க. சாவியத் தர வேண்டாம். நீங்களே கழுவுங்க."

"ஆட்டோமேட்டிக் பம்ப என்னத்தடி கழுவ? அதுதான் தண்ணியிலயே கெடக்கே."

அவ உள்ள போயிட்டா.

நியாயமாச் சொல்லுங்க, நான் சொன்னதுல என்ன தப்பு? பம்பு நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வள்ளத்துக்கு வெளிய ஒரு குழாய் வாய் இருக்கும், அதுல தண்ணி பீச்சும். முன்னால கையி தண்டி பீச்சும். பூட்டு போட்ட பொறவு வெரல் தண்டியாச்சு. பொறவு நூல் மாதிரி வந்துச்சு. நான் டார்வின்கிட்ட காட்டுனேன். பாத்தியா, கண்டவனும் வந்து தண்ணி ஊத்துறது நின்னதும் உள்ள ஊறுறதே கொறஞ்சு போச்சுன்னு.

அன்னைக்குச் சூடை மீனு நல்லா வெழுந்திருந்துச்சு. வெயிலு ஏறிட்டு, திரும்பி வாறோம், கரை இன்னும் கண்ணுக்குத் தெரியல. நான் அமரத்துல, அதாவது பின்பக்கம், சுக்கான் புடிச்சு உக்காந்திருக்கேன். டார்வின் முன்னால நின்னு மீன அள்ளுறான். திடீர்னு திரும்பிப் பாத்துட்டு,

"அப்பா, அமரம் தாழுது."

"மீன் கனம்ல."

"மீனெல்லாம் முன்பக்கம்லா கெடக்கு."

நான் ரெமியப் பாத்தேன். இவன் பின்னால எதையும் ஒளிச்சு வச்சிருக்கானோன்னு. அவன் எஞ்சின் மூடி மேல காத வச்சான். "அண்ணே, உள்ள தண்ணி அலம்புது"ன்னான். அதுக்குள்ள எஞ்சின் சத்தமே மாறிட்டு. பெல்ட்டு தண்ணிய வாரி அடிக்கிற சத்தம் எனக்கே கேட்டுச்சு.

அரைஞாண்ல இருந்து சாவிய அறுத்து எடுத்து பூட்டுல போடுதேன், திரும்ப மாட்டேங்குது. உப்புக் காத்துல துருவேறி உள்ளுக்குள்ள எறுகிப் போச்சு. டார்வின் என்னயத் தள்ளிட்டு நங்கூரத்தத் தூக்கி ஒரே அடி. கொண்டியோட பிச்சுக்கிட்டு வந்துச்சு. மூடியத் தூக்குனா, எஞ்சின் பாதிக்கு மேல தண்ணி. பேட்டரி முங்கிக் கெடக்கு. பம்பு எங்கன கெடக்குன்னே தெரியல. எஞ்சின் ரெண்டு தடவ இருமிச்சு, நின்னுட்டு.

எஞ்சின் நின்ன வள்ளத்துல ஒரு அமைதி வரும் தம்பி. அத நீங்க கேட்டிருக்க மாட்டீங்க.

டார்வின் உள்ள குதிச்சுட்டான். இடுப்பளவு டீசலும் தண்ணியும். வாளியில அள்ளி அள்ளிக் குடுக்கான், நான் வாங்கி ஊத்துதேன், ரெமி ஐஸ் பெட்டி மூடியக் கொண்டு எறைக்கான். அள்ளுற அளவுக்கு ஊறுது. ஒவ்வொரு அலைக்கும் அமரம் எந்திரிக்க மாட்டேங்குது. டார்வின் ஒடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய். கண்ணு மட்டும் வெள்ளையாத் தெரியுது. "அப்பா, மீனத் தள்ளட்டுமா?"ன்னான். தள்ளுன்னேன். வெழுந்த மீனு பூராவும் கடல்லயே போச்சு. வலையவும் தள்ளுனோம். அந்த நேரம் எனக்கு யாரு மேலயும் சந்தேகம் வரல. அத ஒங்ககிட்ட சொல்லணும். தண்ணியும் என் பிள்ள மொகமும் மட்டுந்தான் தெரிஞ்சுது.

அப்பத்தான் இன்னாசி வள்ளம் வந்துச்சு.

கூப்புடல, போன் எடுக்கல, கொடி ஆட்டல. அவனா வந்தான். கயித்த வீசுனான், ஆளுங்கள ஏத்துனான், அவன் எஞ்சின்ல ஓடுற பெரிய பம்பக் கொண்டு எறைச்சான், கெட்டி இழுத்துக்கிட்டு கரை வர கொண்டாந்து விட்டான். வழியில டார்வினுக்கு மட்டும் டீய ஊத்திக் குடுத்தான். நான் யோசிச்சுக்கிட்டே வந்தேன். அம்புட்டுப் பெரிய கடல்ல இவன் எப்படி நமக்குப் பக்கத்துலயே நின்னான்? நம்மளயே பாத்துக்கிட்டுல்லா இருந்திருக்கான்.

ஜெட்டியில எர்மலின் நின்னா. யாரோ போன்ல சொல்லியிருக்காங்க. டார்வின் எறங்குனதும் அவன் தலைய, கைய, முதுகத் தடவித் தடவிப் பாத்தா. எண்ணெயெல்லாம் அவ சேலையில அப்பிட்டு. என்னய ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்தா, முழுசா இருக்கேனான்னு. அப்புறம் சேலைய இடுப்புல சொருகுனா. இன்னாசி வள்ளத்துல கால வச்சு, பலகையில நடந்து, என் வள்ளத்துக்குள்ள எறங்குனா. ஊரே நிக்கி. ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் நிக்காங்க.

நேரா எஞ்சின் கூட்டுக்குள்ள எறங்கி, குப்புறக் குனிஞ்சு, தோள் வரைக்கும் கைய விட்டா. தேடல தம்பி. தடவிப் பாக்கல. நம்ம வீட்டு அடுக்களையில இருட்டுல உப்பு டப்பாவ எடுப்போம்ல, அப்படி. ரெண்டு பக்கமும் அமுக்கிப் பம்ப மட்டும் மேல எடுத்தா. அதோட விசிறியில வலை நூலு பந்தாச் சுத்திக் கெடந்துச்சு. செதில், எறால் தலை, ஒரு பீடித்துண்டு. பீடி யாரு வேணும்னாலும் குடிக்கலாம். பொறவு மிதவைக்கு அடியில இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர இழுத்தா. கவரு மிதவைய அமுக்கிப் புடிச்சு வச்சிருந்திருக்கு, தண்ணி ஏறுனாலும் தூக்க விடாம. எல்லாத்தயும் உருவிப் போட்டுட்டு, இன்னாசிகிட்ட கைய நீட்டுனா. அவன் சொல்லாமலே அவன் பேட்டரிய எடுத்துக் குடுக்கான். வயர வச்சா. பம்பு ஓடுச்சு.

நான் கேட்டேன். யாரும் கேப்பாங்க. "ஒனக்கு எப்படித் தெரியும்?"

"டார்வின் ஏறுனதுல இருந்து ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான்தான் கழுவுதேன். நீங்க கமிட்டிக்குப் போன பொறவு. வீட்ல இருந்து தண்ணி கொண்டாந்து ஊத்திப் பாப்பேன், மிதவை தூக்குதா, பம்பு ஓடுதான்னு. வயர்ல பச்சையாக் களிம்பு ஏறுச்சு, சொரண்டிட்டு மெழுகு விட்டேன். பத்தல, நகச்சாயம் பூசுனேன்."

"யாருடி சொல்லிக் குடுத்தா?"

டார்வின்தான் சொன்னான். "அப்பா, இப்ப நீங்க கேக்க வேண்டியது அதுவா?"

அது ஒரு கேள்விதானே தம்பி? ஒரு பொம்பள இத எங்கன படிச்சா? பொறவு தெரிஞ்சுது, அந்தக் கடைக்காரன் சொல்லியிருக்கான். வாரம் ஒருக்கா கழட்டிக் கழுவணும், மிதவையத் தூக்கிப் பாக்கணும், வயர் ஒட்டுன எடத்துல உப்புத் தண்ணி ஏறாமப் பாக்கணும்னு. எங்க ரெண்டு பேருகிட்டயுந்தான் சொன்னானாம். எனக்குக் காதுல விழுந்த மாதிரி இல்ல.

இன்னொண்ணும் வெளிய வந்துச்சு. இவ ஞாயித்துக்கிழம வள்ளத்துல ஏறுறது இன்னாசிக்குத் தெரியும். சொல்லாதீங்கன்னு இவ கேட்டுக்கிட்டாளாம், அவன் சட்டையப் புடிச்சப்பயும் சொல்லல. நான் பூட்டு போட்டதும் இவ அவன்கிட்ட போயி, "கடல்ல அவுங்க வள்ளத்துக்குப் பக்கத்துலயே நில்லுங்க"ன்னு சொல்லியிருக்கா. மூணு வாரமா அவன் தன் தொழில விட்டுட்டு நான் வலை போடுற எடத்துலயே சுத்தியிருக்கான். பாத்துக்கிடுங்க, எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் எம்புட்டு பேசி வச்சிருக்காங்கன்னு. இன்னாசிகிட்ட இப்ப பேசுதேன். ரொம்ப இல்ல. வந்தா டீ குடிக்கச் சொல்லுவேன்.

எர்மலின் கொஞ்ச நாளு எங்கிட்ட பேசல. சோறு போடுவா, துணி எடுத்து வைப்பா, பேச்சு கெடையாது. டார்வின மறுபடியும் வள்ளத்துல ஏத்தணும்னா மூடியில பூட்டு இருக்கக் கூடாதுன்னு ரெமிகிட்ட சொல்லி விட்டா. பூட்டுதான் அன்னைக்கே ஒடஞ்சு போச்சே, நான் கழட்டுனதா ஆகாது. சரின்னுட்டேன்.

முதல்ல இன்னாசிதான் வந்து, "மைனி, எங்க வள்ளத்தயும் ஒருக்கா பாத்துருங்க"ன்னான். அப்புறம் ஒருத்தரா வந்தாங்க. போயிப் பாத்தா பாதி வள்ளத்துல பம்பு செத்துக் கெடக்கு, எவனுக்கும் தெரியல. இவ போனதும் கை வைக்க மாட்டா. கேப்பா. ஓடுதா, இல்ல ஓடவே இல்லையா? ஓடலேன்னா முதல்ல பியூஸப் பாப்பா, பொறவு வயர், பொறவு மிதவையக் கையால தூக்குவா. சத்தம் கேக்கு, தண்ணி வரலேன்னா விசிறியில நூலு. நிக்காம ஓடிக்கிட்டே இருந்தா மிதவையில அழுக்கு. வெளிய போன தண்ணியே திரும்ப உள்ள வந்தா குழாய் வாய் தாழ இருக்கு, தூக்கிக் கெட்டுன்னுவா. எனக்கு எப்படித் தெரியும்ங்கீங்களா? கூடப் போறேன்ல.

ஆமா, அவ போற எல்லா வள்ளத்துக்கும் நானும் போவேன். நாலு ஆம்பளைங்க நிக்கிற எடம், எவன் எப்படின்னு யாருக்குத் தெரியும்? அவ முன்னால போவா, நான் பின்னால. வாளிய நான் புடிச்சுக்கிடுவேன். சும்மா கைய வீசிக்கிட்டுப் போனா காவலுக்கு வாறவன்னு தெரிஞ்சுரும்ல. பிரஷ்சு, துணி, கெட்டுக் கம்பி எல்லாம் வாளியிலதான். அவ கைய நீட்டுனா என்ன வேணும்னு எனக்குத் தெரியும், எடுத்துக் குடுப்பேன். ஊர்ல கஸ்பார் பொண்டாட்டிக்கு வாளி தூக்குதான்னு பேசிக்கிடுதாங்க. பேசட்டும். எதுக்குப் போறேன்னு எனக்குத் தெரியும்.

இன்னைக்கு ஏன் போகலன்னு பாக்கீங்களா? கால் தெரியலையா, இந்தக் கெட்டு? திருக்கை மீனு முள்ளு குத்திட்டு. தரையில ஊனக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காரு. நான் சொன்னேன், நாளைக்குப் போகலாம்டின்னு. கேக்கல. அந்த வள்ளம் மத்தியானம் கடலுக்குப் போகுதாம், அதுல சின்னப் பயலுவ போறானுங்களாம், அதுக்குள்ள பாத்துரணுமாம். டார்வினும் வலை வாங்கப் போயிட்டான்.

நேரமாச்சு தம்பி. இம்புட்டு நேரம் ஆகாது. ஒரு பம்பக் கழுவ இம்புட்டு நேரம் எதுக்கு? நீங்க வரும்போது அவளப் பாத்தீங்களா? மூணாவது வரிசையில கெட்டியிருக்கு அந்த வள்ளம். ரெண்டு வள்ளத்தத் தாண்டிப் போகணும், நடுவுல ஒத்தப் பலகை. பாசி புடிச்சு வழுக்கும். வள்ளம் ஒரு பக்கம் ஆடும், பலகை ஒரு பக்கம் ஆடும். தண்ணி அங்கன ஆழம்.

எர்மலினுக்கு நீச்சல் தெரியாது.

கடக்கரையில பொறந்தவதான். எங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைகளுக்கு யாரு படிச்சுக் குடுக்கா. முழங்கால் தண்ணிக்கு மேல அவ எறங்குனதில்ல. அவதான் அத்தன ஞாயித்துக்கிழமையும் ஒரு குடம் தண்ணியத் தூக்கிக்கிட்டு அந்த மாதிரிப் பலகையில ஒத்தையில நடந்திருக்கா. நான் கமிட்டியில உக்காந்து எவன் கையெழுத்துப் போடுதான்னு பாத்துக்கிட்டு இருந்திருக்கேன். வெழுந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்? அது மனசுல வந்துட்டா எனக்கு ராத்திரி ஒறக்கம் கெடையாது. அத விடுங்க.

ஒங்களுக்கு நீச்சல் தெரியுமா?

எங்கன படிச்சீங்க, கிணத்துலயா? பரவால்ல, கிணத்து நீச்சல் போதும். எந்திரிங்க. இப்படியே நேராப் போனா ஜெட்டி. பச்சக் கலர் வள்ளம், முன்னால ரெக்கை வச்ச மிக்கேல் சம்மனசு படம் போட்டிருக்கும். அந்தப் பலகைப் பக்கத்துல போயி நில்லுங்க. நான் அனுப்புனேன்னு சொல்லாதீங்க, ரேடியோவுல இருந்து வாறேன்னே சொல்லுங்க. அவ திரும்பும்போது வாளிய மட்டும் முதல்ல வாங்கிக்கிடுங்க. தர மாட்டேம்பா, விடாதீங்க, வாங்கிக்கிடுங்க. அந்தப் பலகையில வாறதுக்கு அவளுக்கு ரெண்டு கையும் வேணும்.